கண்ணால் கேட்ட கேள்வி

இதை நான் பேனா பிடித்து எழுதவில்லை. விரல்களுக்கு இன்னும் முழுப் பிடி வரவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறேன். அது எழுத்தாக்கித் தருகிறது. பிறகு உட்கார்ந்து தப்பைத் திருத்துகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். ஆனாலும் இதே நோயில் கிடக்கும் யாராவது ஒருவர் வீட்டில் இதைப் படிக்கக்கூடும். படுக்கையில் கிடப்பவரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்காவது தெரியட்டும்.

ஒத்தக்கடைப் பக்கம் குடிதண்ணீர் கேன் போடுவது என் தொழில். சின்ன வேன் ஒன்று இருக்கிறது. கேன் தூக்கித் தூக்கி விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. ஈரமும் சேர்ந்துகொண்டால் போனின் திரை என் விரலை மதிக்கவே மதிக்காது. "நீங்க தொட்டா மட்டும் அதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று என் மனைவி ஜெயக்கொடி கேலி செய்வாள்.

முதலில் வந்தது வயிற்றுப்போக்குதான். அது நின்று, நான் அதை மறந்தும் போனேன். பிறகு ஒரு நாள் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மறுநாள் ஒரு அடுக்குமாடி வீட்டில் கேனைத் தோளில் வைத்துப் படியேறும்போது முழங்கால் மடிந்துவிட்டது. கேன் உருண்டு உடைந்து படியெல்லாம் தண்ணீர். அந்த வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். அதற்கும் மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. ஜெயா அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அண்ணன் என்றால் என் மூத்த அண்ணன் காசி. சோழவந்தான் பக்கம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறார். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த முடிவானாலும் அவர் வாயிலிருந்துதான் வரும். அவரே வந்து என்னைக் குழந்தையைப் போலத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று கம்பியில் கோத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் யாராவது எழுந்தால் எல்லோரும் ஆடுவோம். எனக்கு அந்த ஆட்டத்தில் நிமிர்ந்து உட்காரவே பலமில்லை. அண்ணன் என் தோளைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு, மருந்து விளம்பரத்தைப் பார்த்தபடியே இருந்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

நரம்பு டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் எகிறவில்லை. முதுகுத்தண்டில் ஊசி வைத்துக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். கைகால்களில் சின்னச் சின்னக் கரண்ட் வைத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். கடைசியில் டாக்டர் சொன்ன பேர் கில்லன் பாரே. ஜெயாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் சுவரில் தொங்கிய ஒயரைக் காட்டினார்.

"இதுக்கு மேல ரப்பர் இருக்குல்ல, அந்த மாதிரி நரம்புக்கும் மேல உறை இருக்கும்மா. கிருமிய அடிக்கப் போன நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம அந்த உறையப் போட்டு அடிச்சிருச்சு. மூளை சொல்றது கைக்கும் காலுக்கும் போய்ச் சேரல. உறை திரும்ப வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும்."

"மூச்சுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்று ஜெயா கேட்டாள்.

டாக்டர் என்னை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு சிஸ்டரும் அதையே சொன்னார்கள். எண்ண எண்ண எனக்குப் பயம்தான் கூடியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரமே நின்றுபோனேன். ஜெயா பக்கத்தில் நின்று, அவளும் உதட்டுக்குள் கூடவே எண்ணுவாள். நான் நின்ற இடத்தில் அவளும் நிற்பாள்.

பிறகு எண்ண முடியாமலே போயிற்று. வாயில் குழாய் வைத்து மூச்சு மெஷினில் இணைத்தார்கள். நாள் கூடியதும் கழுத்தில் சின்ன ஓட்டை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். கழுத்தில் குழாய் இருந்தால் காற்று தொண்டைக்கு வராது. அதனால் குரல் கிடையாது. முகத்து நரம்பும் போய்விட்டதால் இமையை மூட முடியவில்லை. கண் காய்ந்துவிடாமல் களிம்பு தடவி, இரவில் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். உடம்பில் என் சொல் கேட்டது கருவிழி மட்டும்தான். அதை மட்டும் உருட்ட முடிந்தது.

பல பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். காப்பீட்டு அட்டை கொஞ்சத்தைத் தாங்கியது. மீதிக்கு என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஜெயா குனிந்து என் வாயோரத்தைத் துடைக்கும்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என்னோடு பேச ஆஸ்பத்திரியில் ஒரு வழிமுறை வைத்தார்கள். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும். இல்லை என்றால் கீழே பார்க்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் சிஸ்டர்கள் எல்லாம் சின்ன வயசுப் பெண்கள். பெண்பிள்ளைகள் நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசினால் எனக்குத் தன்னால் பார்வை தாழ்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. "வலிக்குதாண்ணே?" என்று கேட்பார்கள். கண் கீழே போகும். "வலி இல்லயாம்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வலியோ சொல்லி முடியாது. அசையாத கால்தான், ஆனால் போர்வை உரசினாலும் தீயாக எரியும். நரம்பு கெட்டுப்போனால் அப்படித்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். தினமும் பார்வையாளர் நேரத்தில் அண்ணன் வந்து, பாசத்தோடு என் இரண்டு காலையும் அழுத்தித் தேய்த்துவிடுவார். நான் உள்ளுக்குள் கத்துவேன்.

இடையில் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. சில நாள் நினைவு குழம்பிக் கிடந்தேனாம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கண் போனதாம். காய்ச்சல் விட்ட பிறகு நான் தெளிந்துவிட்டேன். தெளிந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி ஒரு மாலையில்தான் அண்ணன் என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். "தம்பி, வீட்டுக்குப் போயிருவமாடா?"

எனக்கு வீடு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் தெரு, என் வேன், அடுப்படியில் ஜெயா போடும் ரேடியோ. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. நல்லா மேலே பார்த்தேன்.

"சரி" என்றார் அண்ணன். என் தலையைத் தடவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஜெயாவிடம் பேசியது கேட்டது. "ஏத்தா, அவனே போகணும்னு சொல்லிட்டான். கண்ணுல தண்ணி விடுறான். உசுரு வீட்டுல போனாத்தான் அவனுக்கு நிம்மதி. அப்பாவத்தான் ஆஸ்பத்திரியில சாகவிட்டு மூட்டையாக் கட்டித் தூக்கிட்டு வந்தோம். இவனுக்கும் அப்படி ஆகக்கூடாது."

"மாமா, டாக்டரு சரியாகும்னுதான் சொல்றாரு."

"எப்பத்தா? மொதல்ல கை, கால்னாக. பெறகு மூச்சுன்னாக. இப்ப சளிங்கிறாக. அவன் படுறது போதும். நாளைக்கு மத்தியானம் வண்டி சொல்லியிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் மெஷினில் கிடப்பவரை வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததில்லை. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். மூச்சு போவதற்காக, பலூன் மாதிரி ஒன்றைக் கையால் அமுக்கிக்கொண்டே இறக்குவார்கள். கூடத்தில் படுக்க வைத்து எல்லோரும் வாயில் பால் ஊற்றுவார்கள். பிறகு அமுக்குவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு நானே சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டார், நான் ஆமாம் என்றேன். ஆனால் ஆமாம் இல்லை என்ற இரண்டே சொல் வைத்திருப்பவனால் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியும். யாரும் திரும்பக் கேட்காவிட்டால் சொன்னதை மாற்ற வழி கிடையாது. வந்த சிஸ்டரெல்லாம் வலிக்குதா, குளிருதா என்றுதான் கேட்டார்கள். ஜெயா வந்து உட்கார்ந்தாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. என் சம்மதத்தை என் வாயால், அதாவது கண்ணால், இன்னொரு தடவை கேட்க அவளுக்குப் பயமாக இருந்ததாம். பின்னால் சொன்னாள். நான் கண்ணை இடமும் வலமுமாக உருட்டினேன். "தூக்கம் வரலயா?" என்று களிம்பு தடவி, பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள். அன்றைய இரவைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

காலையில் டாக்டர் வந்து அண்ணனிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசினார். "நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன். நரம்பு திரும்பும். இப்ப மெஷின எடுக்குறது தப்பு."

"அவன் வாயால சொன்ன மாதிரி சொல்லிட்டான் சார். ஒங்க வைத்தியத்தக் கொற சொல்லல."

"அப்ப இன்னொரு தடவ அவரையே சொல்லச் சொல்லுவோம். முழுசா. மத்தியானம் வரைக்கும் பொறுங்க."

கொஞ்ச நேரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி ஒரு தள்ளுவண்டியோடு வந்தாள். பேர் ஏஞ்சலின். வண்டியில் கை ஒன்று நீண்டு, அதன் நுனியில் கம்ப்யூட்டர் திரை. திரைக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை. "அண்ணே, இந்தப் பட்டைக்குள்ள கேமரா இருக்கு. நீங்க தெரையில எங்க பாக்குறீங்கன்னு அது கண்டுபிடிச்சிரும். தொடவே வேணாம். ஒரு எழுத்தையே கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா, அத அமுக்குன மாதிரி எடுத்துக்கும். எழுதி முடிச்சா சத்தமா வாசிக்கும்."

அதற்கு முன்னால் மெஷின் என் கண்ணைப் பழகிக்கொள்ள வேண்டுமாம். திரையில் ஒரு புள்ளி இடம் மாறி மாறி வரும், அதை நான் கண்ணால் தொடர வேண்டும். ஏஞ்சலின் திரைக்கு மேலாக எட்டி என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். புள்ளி வந்தது. என் கண் கீழே போனது. மறுபடி வைத்தாள். மறுபடி கீழே. என் உயிர் அந்தப் புள்ளியில் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இருந்தும் திரைக்கு மேலே அந்தப் பெண்ணின் முகம் தெரிந்த மாத்திரத்தில் பார்வை தாழ்ந்துகொண்டது. பயப்படப் பயப்பட இன்னும் தாழ்ந்தது.

"கண்ணு நரம்பும் போயிருச்சோ என்னவோ" என்று ஏஞ்சலின் சிஸ்டரிடம் முணுமுணுத்தாள்.

"நாந்தான் சொன்னேனே" என்றார் அண்ணன். அவர் குரல் உடைந்திருந்தது. போனை எடுத்து, வண்டிக்காரர் கிளம்பிவிட்டாரா என்று கேட்கப் போனார்.

அப்போது ஜெயா, "டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க, நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க" என்றாள்.

"ஏன்க்கா?"

"இவரு பொம்பளைக மொகத்த நிமிந்து பாக்க மாட்டாரு. என்னயவே பொண்ணு பாக்க வந்தப்ப காப்பித் தட்டத்தான் பாத்தாரு. கல்யாணத்தன்னைக்குத்தான் மொகத்தப் பாத்தாரு."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏஞ்சலின் சிரிக்காமல் திரைக்குப் பின்னாலிருந்து விலகி, என் தலைமாட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டாள். இப்போது என் முன்னால் திரை மட்டும். புள்ளி வந்தது. பார்த்தேன். நகர்ந்தது. கூடவே நகர்ந்தேன். மெஷின் டிங் என்றது.

முதலில் படம் போட்ட கட்டங்கள் வந்தன. தண்ணீர் படத்தில் கண் தற்செயலாக நின்றுவிட்டது. உடனே ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போல, "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்றது.

"ஆத்தாடி, என்னயப் போயிக் கொடுங்கங்குறாரு" என்று ஜெயா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்குத் தண்ணீர் வேண்டாம். எழுத்துதான் வேண்டும் என்று, எந்தப் படத்திலும் நிற்காமல் திரை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். ஏஞ்சலின் புரிந்துகொண்டு எழுத்தைத் திறந்துவிட்டாள். வ-வைப் பார்த்தால் வ, வா, வி என்று வரிசை விரியும். அதில் வேண்டியதைப் பார்க்க வேண்டும். கண் வலித்தது. தப்பான எழுத்தில் விழுந்து, அழித்து, திரும்ப எழுதினேன். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி வந்து நின்றார். எழுதி முடித்து, வாய் போட்ட படத்தைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு மெசின் வருமா" என்றது அந்தப் பெண் குரல்.

மூச்சு மெஷின் மட்டும் அதன் பாட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"அது எப்படிடா வரும்" என்றார் அண்ணன் மெதுவாக.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை சீக்கிரம் வந்தது.

"அப்ப நா வரல."

குரல் யாருடையதோ. ஆனால் சொல் என்னுடையது. ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா மாமா, அவரு பேச்சு, அவரு பேச்சுத்தான்" என்றாள்.

அண்ணன் போனில், "வண்டி வேணாம்ப்பா. திரும்பிப் போயிரு" என்றார். பிறகு என் கால்மாட்டில் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில் என் காலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் அவசரமாக எழுதினேன்.

"கால தேக்காதீங்கண்ணே எரியுது."

"அடப்பாவி, இத்தன நாளும் எரிஞ்சுச்சாடா?" என்று கையைச் சட்டென்று எடுத்தார். சிஸ்டர் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வலி இல்லன்னுதானே..." என்று இழுத்தாள். அன்றிலிருந்து எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

இவ்வளவோடு பயம் தீர்ந்துவிடவில்லை. மெஷினைக் கொஞ்ச நேரம் எடுப்பார்கள், மூச்சு திணறும், மறுபடி மாட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் இதுவே கடைசியோ என்றிருக்கும். பொழுது போகாத மத்தியானங்களில் ஏஞ்சலின் தலைமாட்டில் நின்றபடி இது மாதிரிக் கருவிகளைப் பற்றிச் சொல்லுவாள். கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்ளும் கருவி வருகிறதாம். மண்டைக்குள் சின்னதாக ஒன்றை வைத்து, மூளை நினைப்பதை நேராக எழுத்தாக்கிப் பார்க்கிறார்களாம். பழைய பதிவு இருந்தால் நோயாளியின் சொந்தக் குரலிலேயே மெஷினைப் பேச வைக்கலாமாம்.

"இவரு பேசுன வாய்ஸ் மெசேஜ் எதாச்சும் இருக்காக்கா?"

ஜெயா போனில் தேடினாள். "கேன் எறக்கியாச்சு, வாரேன்" என்று ஒன்று. "ம், சரி" என்று ஒன்று. "இவரு அம்புட்டுத்தான் டீச்சர் பேசுவாரு" என்றாள்.

எனக்கு அந்தக் கருவிகளில் ஆசையும் உண்டு, கலக்கமும் உண்டு. கண் போன இடமெல்லாம் சொல்லாகிவிட்டால், நினைத்ததெல்லாம் சத்தமாகிவிட்டால், கூச்சப்பட்டவன் எங்கே போய் ஒதுங்குவான்? வரப்போகும் மெஷின் எதுவானாலும், பேசுவதற்கு முன்னால் "இதைத்தான் சொல்ல வந்தாயா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு அது போதும். ஏஞ்சலினுக்கும் அதைக் கண்ணால் எழுதிக் காட்டினேன். அந்தக் கருவிகளைச் செய்பவர்களிடம் கட்டாயம் சொல்கிறேன் என்றாள்.

ஒரு நாள் அவளோடு ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். என் முன்கையில் வாட்ச் பட்டை மாதிரி ஒன்றைச் சுற்றினார். மூளையிலிருந்து நரம்பு வழியாக விரலுக்குப் போகும் உத்தரவைத் தோலுக்கு மேலிருந்தே அது பிடித்துக்கொள்ளுமாம். திரையில் ஒரு கோடு நேராக ஓடியது. "கட்டை விரல மடக்க நெனைங்க" என்றார். நினைத்தேன். ஒன்றும் இல்லை. கோடு நேராகவே ஓடியது. அண்ணன் என் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையாவதோ தடவையில் கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழுந்து அடங்கியது.

"வெரல் அசையலயே தம்பி?" என்று அண்ணன் அந்தக் கல்லூரிக்காரரிடம் கேட்டார்.

"இப்ப அசையாதுங்கய்யா. ஆனா உத்தரவு வந்து சேந்துருச்சு. அசையுற பலம் இன்னும் வரல."

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கைக்கு அடியில் தன் உள்ளங்கையை மெதுவாகக் கொடுத்தார். அழுத்தவில்லை, தேய்க்கவில்லை, சும்மா தாங்கிக்கொண்டார். கல்லூரிக்காரர் பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பார்வையாளர் நேரம் முடிந்து காவலாளி வந்து சத்தம் போட்டும் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு என் விரல் அசையவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.